வரைபடக் கிறுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமையானால் டோப்போ ஷீட்டும் (மேடு பள்ளம், ஓடை, ஊர் எல்லாம் காட்டும் விரிவான வரைபடத் தாள்) தண்ணீர் பாட்டிலுமாகக் கிளம்பிவிடுகிற ஆள் நான். நில அளவைத் துறையில் வேலை இல்லை. பூகோளம் பத்தாம் வகுப்போடு சரி. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர், வயல்காட்டில் எதிர்ப்பட்டவர், கல்யாண வீட்டில் மாட்டிக்கொண்ட உறவினர் என்று எல்லோரும் கேட்பது ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான். ஒரு தடவையாக எழுதி வைத்துவிடுகிறேன்.

வழி காட்டத்தான் போன் இருக்கிறதே, இன்னும் எதற்கு வரைபடம்?

வழிக்குப் போன் போதும். நானும் அதைத்தான் பார்க்கிறேன். ஆனால் போனுக்குத் தெரிந்ததெல்லாம் நீலக் கோடு மட்டும். திண்டுக்கல்லில் இருந்து நத்தம் போகிற ரோட்டில் வலது கைப்பக்கம் ஒரு மலை கூடவே வரும், சிறுமலை. அதன் தெற்குச் சரிவில் விழுகிற மழை சாத்தையாறாகி பாலமேட்டுப் பக்கம் இறங்குகிறது. இதைப் போன் சொல்லாது, நாம் கேட்கவும் மாட்டோம். படத்தை விரித்துவைத்தால் கேட்காமலே கண்ணில் படும்.

எனக்கு ருசி இதைவிட இன்னொன்றில். படம் ஒன்று சொல்லும், தரை வேறொன்று சொல்லும். அந்த இடத்தில் போய் நிற்பது. பழைய சென்னைப் படங்களில் மாம்பலம் பக்கம் நீளமாக ஓர் ஏரி கிடக்கும். 1920-களில் அதை வற்றவைத்து எடுத்த இடம்தான் தி. நகர். நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. மழைக்காலத்தில் தண்ணீர் எந்தத் தெருவுக்கு முதலில் வரும் என்பது அந்தப் பழைய காகிதத்தில் எழுதியே இருக்கிறது. இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போகிற பொழுதுபோக்குகள் எல்லாம் கடைசியில் இந்த ஒன்றுக்குத்தான் வந்து சேரும்: படத்தில் உள்ள கோடுகளை எடுத்துக்கொண்டு தரைக்குப் போய்ச் சரிபார்ப்பது.

எதில் இருந்து தொடங்குவது?

உங்கள் சொந்த ஊர் இருக்கிற ஷீட்டில் இருந்து. 1:50,000 அளவில் உள்ளதை எடுங்கள். அதில் 2 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ. பழுப்பு நிறத்தில் நெளிநெளியாகப் போவது சம உயரக் கோடு. ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் 20 மீட்டர். கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமவெளி. மஞ்சள் விவசாய நிலம், பச்சை காடு, நீலம் தண்ணீர். வருடம் முழுக்க வறண்டு கிடந்து மழைக்கு மட்டும் ஓடுகிற ஓடைக்குக் கறுப்பு. நம் பக்கத்து ஷீட்டுகளில் கறுப்பு அதிகம். அதைப் பார்த்தாலே ஊர்ப்பக்கம் போன மாதிரி இருக்கும்.

உங்கள் தெரு அதில் இருக்காது. தேடி ஏமாற வேண்டாம். கோயில் இருக்கும், கண்மாய் இருக்கும், தபால் ஆபீஸ் இரண்டு எழுத்தில் இருக்கும். இந்த மூன்றையும் வைத்து உங்கள் வீடு எங்கே என்று பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளி வைத்தவர்களில் பாதிப் பேர் இதிலேயே விழுந்துவிடுகிறார்கள்.

ஷீட் எங்கே கிடைக்கும்?

1767-ல் தொடங்கிய இந்திய நில அளவைத் துறை வெளியிடுகிறது. தலைமையகம் டேராடூனில். பொதுமக்கள் பயன்பாட்டுக்கான ஷீட்டுகளை 2017-ல் இருந்து அவர்களுடைய இணையவாசலில் இலவசமாக இறக்கிக்கொள்ள வழி செய்திருக்கிறார்கள். அச்சடித்தே பாருங்கள். போன் திரையில் டோப்போ ஷீட் பார்ப்பது சாவித் துவாரம் வழியாகத் தேரோட்டம் பார்ப்பது.

58 கே/1 என்றெல்லாம் சொல்கிறீர்களே, அது என்ன கணக்கு?

பழைய ஷீட்டுகளின் எண் முறை. புதியவற்றுக்கு வேறு முறை வந்துவிட்டது. என்னைப் போன்ற ஆட்கள் பழைய எண்ணிலேயே பேசிக்கொண்டிருக்கிறோம்.

நாடு முழுவதையும் நாலு டிகிரிக்கு நாலு டிகிரி கட்டங்களாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். வடக்கு அட்சம் 8 முதல் 12, கிழக்குத் தீர்க்கம் 76 முதல் 80, இந்தக் கட்டத்துக்கு எண் 58. தமிழ்நாட்டில் பெரும்பகுதி இதற்குள் வந்துவிடும். அதை ஒரு டிகிரிக் கட்டங்களாக வெட்டினால் பதினாறு. ஏ-யில் தொடங்கி பி, சி, டி என்று மேலிருந்து கீழே இறங்கி, அடுத்த வரிசையில் மறுபடி மேலிருந்தே தொடங்கி ஈ, எஃப், ஜி, எச் என்று போகும். ஒவ்வோர் எழுத்தையும் மறுபடி கால் டிகிரியாக வெட்டினால் 1 முதல் 16 வரை. அதுவும் மேலிருந்து கீழேதான். மதுரை நகரம் 58 கே/1. இந்தக் கணக்கு ஒருமுறை பிடிபட்டால் எந்த ஊரின் அட்சம் தீர்க்கம் சொன்னாலும் ஷீட் எண்ணை வாயாலேயே சொல்லிவிடலாம். வேறு எதற்கும் உதவாத திறமைதான், ஆனால் ரயில் பயணத்தில் நேரம் போகும்.

முழு டிகிரிப் புள்ளி தேடிப் போகிறீர்களாமே?

ஆமாம். பூமியில் ஓர் அட்சரேகையும் ஒரு தீர்க்கரேகையும் முழு எண்ணில் வெட்டிக்கொள்கிற இடங்கள், இரு துருவங்களையும் சேர்த்து, 64,442. (179 அட்சரேகையை 360 தீர்க்கரேகையால் பெருக்கி இரண்டைக் கூட்டுங்கள்.) அதில் பெரும்பங்கு கடலில் விழுகிறது. மீதி ஒவ்வொன்றிலும் யாராவது போய் நின்று, நாலு திசையிலும் படம் எடுத்து, போன கதையை எழுத வேண்டும் என்று 1996-ல் அலெக்ஸ் ஜாரட் என்ற அமெரிக்கர் தொடங்கிவைத்தார். டிகிரி கன்ஃப்ளுவன்ஸ் ப்ராஜெக்ட் என்று பெயர். 100 மீட்டருக்குள் போய்விட்டால் போனதாகக் கணக்கு. பரிசு கிடையாது, பட்டம் கிடையாது.

அங்கே என்னதான் இருக்கும்?

ஒன்றும் இருக்காது. அதுதான் அதன் அழகு. சுற்றுலாத் தலம் என்றால் யாரோ ஒருவர் பார்க்கத் தகுந்தது என்று முன்பே தீர்மானித்துவிட்ட இடம். இந்தப் புள்ளிகளை யாரும் தீர்மானிக்கவில்லை, கணக்கு தீர்மானித்தது.

எனக்கு முதல் புள்ளி 10 டிகிரி வடக்கு, 78 டிகிரி கிழக்கு. சோழவந்தானில் இருந்து தென்கிழக்கே நாலு கிலோமீட்டர் வாக்கில். மேலே சொன்ன எண் முறைப்படி இது நாலு ஷீட்டின் மூலை: 58 எஃப்/16, 58 ஜி/13, 58 ஜே/4, 58 கே/1. நாலையும் தரையில் விரித்து செல்லோ டேப் போட்டு ஒட்டினேன். (எந்த முழு டிகிரிப் புள்ளியை எடுத்தாலும் இந்த 16, 13, 4, 1 என்ற நாலு எண்கள்தான் வந்து சந்திக்கும். ஒட்டும்போதுதான் இது எனக்கு உறைத்தது.)

பஸ்ஸில் இறங்கித் தென்னந்தோப்பும் வெற்றிலைக் கொடிக்காலும் வாய்க்காலுமாக நடந்தேன். கடைசி முப்பது மீட்டரில் நாற்று நட்டு நாலு நாள்கூட ஆகாத வயல். 100 மீட்டருக்குள் வந்தாயிற்று, கணக்குப்படி முடிந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. வரப்பில் நின்று போனையும் வயலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். களை பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா நிமிர்ந்து, “நாலு வழிச் சாலைக்கு அளக்க வந்தீகளா தம்பி?” என்றார். குரலில் வரவேற்பு இல்லை. வயலுக்குள் போனும் கையுமாக யாராவது வந்தால் நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

இல்லம்மா என்று சொல்லி ஒட்டிய ஷீட்டை வரப்பில் விரித்தேன். இந்தக் கோடும் இந்தக் கோடும் வெட்டுகிற இடம் உங்கள் வயலுக்குள் இருக்கிறது, நாலு பேப்பரும் இங்கேதான் முட்டுகிறது என்றேன். அவர் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “பங்கு பிரிச்சா அப்படித்தான். மூலை மூலையாத்தான் வரும்” என்றார். பிறகு, “அறுத்தப்புறம் வாங்க. இப்ப இறங்கிராதீக.”

அறுப்பு முடிந்து போனேன். அடித்தாளில் கால் குத்தக் குத்த முன்னும் பின்னும் நடந்தேன். தசமப் புள்ளிக்குப் பின்னால் ஐந்தாவது இலக்கம் என்றால் தரையில் ஒரு மீட்டர் சொச்சம். போனோ நாலைந்து மீட்டருக்குக் குறைந்து துல்லியம் காட்டாது. ஆகவே ஒரு பக்கம் ஐந்து சைபரும் வந்தால் மறு பக்கம் 99999 என்று சறுக்கும். அதைப் பிடிக்க அரை அடி நகர்ந்தால் இது ஓடிவிடும். இதைச் செய்கிறவர்கள் எல்லோரும் ஆடுகிற ஆட்டம் இது. தூரத்தில் இருந்து பார்த்தால் எறும்பு கடித்த ஆள் மாதிரி இருக்கும். கடைசியில் இரண்டு பக்கமும் சைபர் ஒரு விநாடி நின்றது. அந்த அம்மா அப்போதும் வரப்பில் உட்கார்ந்திருந்தார். “கிடைச்சிருச்சா?” என்றார். அவ்வளவுதான்.

அந்தச் சைபரும் ஷீட்டில் உள்ள மூலையும் ஒரே இடம்தானா?

நல்ல கேள்வி. இல்லை. பழைய ஷீட்டுகள் 19-ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் எவரெஸ்ட் கணக்கிட்ட பூமி வடிவத்தை அடிப்படையாகக் கொண்டவை. ஜி.பி.எஸ். வேறொரு வடிவத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது. இரண்டுக்கும் நம் பக்கத்தில் நூறு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். ஷீட்டை நம்பி நடந்தால் பக்கத்து வயலில் போய் நிற்பீர்கள். கிரீனிச்சில் உலோகக் கோட்டின் மேல் காலை அகட்டிவைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்களே, அங்கேயும் இப்படி ஒரு விலகல் உண்டு, ஜி.பி.எஸ். காட்டும் சைபர் தீர்க்கரேகை அந்தக் கோட்டுக்கு 102 மீட்டர் கிழக்கே, பூங்காவில் இருக்கிறது. யாரும் தப்புச் செய்யவில்லை. பூமியை எந்த உருண்டையாக வைத்துக்கொள்வது, எதை வைத்து அளப்பது என்பதில்தான் வித்தியாசம்.

தமிழ்நாட்டில் வேறு எந்தப் புள்ளிக்கு எளிதாகப் போகலாம்?

11 வடக்கு, 77 கிழக்கு கோவை நகருக்குள்ளேயே விழுகிறது. ரயில் நிலையத்தில் இருந்து கிழக்கே நாலு கிலோமீட்டருக்குள். டவுன் பஸ்ஸில் போய்ச் சேரக்கூடிய புள்ளிகள் உலகத்திலேயே குறைவு, கோவைக்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதே இல்லை. 13 வடக்கு, 80 கிழக்கு ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கம். 12 வடக்கு, 80 கிழக்கு புதுச்சேரிக்கு வடகிழக்கே கடலுக்குள். இலங்கையில் இருப்பவர்களுக்கு 7 வடக்கு, 80 கிழக்கு கம்பஹாவுக்குத் தெற்கே பத்து கிலோமீட்டர்.

எல்லைக் கோடுகளைத் தேடிப் போகிறவர்களும் உண்டாமே?

உண்டு, நிறையவே. ஒரு நாட்டுக்குள் இன்னொரு நாட்டின் துண்டு, மூன்று மாநிலம் சந்திக்கிற முனை, ஒரு வீட்டைக் குறுக்கே வெட்டுகிற எல்லை, இவற்றையெல்லாம் பட்டியல் போட்டுப் பார்க்கிறவர்கள்.

அதிகம் பேர் போவது பார்லே என்ற ஊருக்கு. நெதர்லாந்துக்குள் பெல்ஜியத்தின் 22 துண்டுகள், அவற்றில் சிலவற்றுக்குள் மறுபடி நெதர்லாந்தின் துண்டுகள். நடைபாதையில் வெள்ளைக் கூட்டல் குறி பதித்து எல்லை காட்டியிருக்கிறார்கள். வீட்டின் நடுவே எல்லை போனால் வாசல் கதவு எந்தப் பக்கமோ அந்த நாட்டு வீடு. அரபுப் பக்கம் ஓமானுக்குச் சொந்தமான மத்ஹா ஐக்கிய அமீரகத்தால் சூழப்பட்டது. அதற்குள்ளே நஹ்வா என்று ஒரு சின்ன ஊர், அது மறுபடி அமீரகம். துபாயில் வேலை பார்க்கிற நம்மவர்கள் விடுமுறை நாளில் ஒரு கார் எடுத்தால் பார்த்துவிட்டு வரலாம்.

இவற்றுக்கெல்லாம் பெரியண்ணன் கூச்பிகார். இந்தியாவின் 111 துண்டுகள் வங்கதேசத்துக்குள்ளும், வங்கதேசத்தின் 51 துண்டுகள் இந்தியாவுக்குள்ளும் சிதறிக் கிடந்தன. ராஜாவும் நவாபும் சதுரங்கத்தில் பந்தயம் வைத்துத் தோற்ற ஊர்கள் என்று கதை சொல்வார்கள். உண்மையில் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூச்பிகார் அரசும் முகலாயரும் சண்டையிட்டு ஒப்பந்தம் செய்துகொண்டதன் மிச்சம். அதில் உச்சம் தஹலா காக்ராபாரி: வங்கதேசத்துக்குள் இந்தியா, அதற்குள் வங்கதேசம், அதற்குள் மறுபடி இந்தியா. மூன்றாம் அடுக்கில் இருந்த அந்த இந்தியா இரண்டு ஏக்கர்கூடத் தேறாத ஒரு சணல் வயல்.

2015 ஜூலை 31 நள்ளிரவில் இரு நாடுகளும் இந்தத் துண்டுகளை மாற்றிக்கொண்டன. “உலகத்தின் அதிசயமான எல்லை போய்விட்டதே” என்று வரைபடக் கிறுக்கர்கள் சிலர் துக்கம் கொண்டாடினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தத் துண்டுகளில் இருந்தவர்களுக்கு ஓட்டு இல்லை, கரண்ட் இல்லை, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க அப்பன் பெயரை மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. நாம் ரசிக்க ஒரு கோணல் கோடு வேண்டும் என்பதற்காக நாற்பது, ஐம்பதாயிரம் பேர் நாடில்லாமல் கிடக்க வேண்டுமா? பார்க்க வேண்டுமானால் தஹக்ராம்-அங்கர்போத்தா இன்னும் வங்கதேசத்தின் துண்டாகவே இருக்கிறது. தீன் பீகா என்ற இடத்தில் இந்திய மண்ணைக் கடக்கிற ஒரு குட்டிப் பாதைதான் அதற்கு வாசல். 2011-ல் இருந்து அது 24 மணி நேரமும் திறந்திருக்கிறது.

பக்கத்திலேயே ஒன்று சொல்லுங்களேன்.

புதுச்சேரி. நாலு பகுதியும் நாலு இடத்தில் என்பது எல்லோருக்கும் தெரியும்: காரைக்கால் காவிரி டெல்டாவில், மாஹே கேரளத்துக்குள், ஏனாம் ஆந்திரத்துக்குள். பலருக்குத் தெரியாதது, 293 சதுர கி.மீ. உள்ள புதுச்சேரிப் பகுதியே ஒரே துண்டு கிடையாது என்பது. இடையிடையே தமிழ்நாடு நுழைந்து வெளியேறும். பிரெஞ்சுக்காரர்கள் ஊர் ஊராக வாங்கிச் சேர்த்ததன் தழும்பு. 1954 நவம்பர் 1-ல் நடைமுறையிலும் 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்த பிறகும் கோடுகள் மாறவில்லை.

கடலூரில் இருந்து பாகூர் பக்கமாக பஸ்ஸில் போங்கள், ஜன்னல் சீட்டில். எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள் என்று அறிய வரைபடம் தேவையில்லை. ஒயின்ஷாப் போர்டும் பெட்ரோல் பங்க் விலைப் பலகையும் போதும். எந்தச் சர்வே கல்லையும் விடத் துல்லியமான எல்லைக் குறி.

வரைபட வரலாற்றில் ஈடுபாடு உள்ளவர்கள் சென்னையில் எதைப் பார்க்கலாம்?

பரங்கிமலை ஏறுங்கள். எல்லோரும் தேவாலயத்துக்காக ஏறுவார்கள், நீங்கள் தெற்கே பார்க்க ஏறுங்கள். 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி இந்த மலையடிவாரத்தில் இருந்து பெரும்பாக்கம் குன்று நோக்கி ஓர் அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல். கையில் இருந்தது 100 அடி எஃகுச் சங்கிலி, இரண்டரை அடிக் கம்பிகள் நாற்பது கோத்தது. சித்திரை வெயிலில் எஃகு நீளும் என்பதால் பெட்டிகளுக்குள் கிடத்தி, கூடாரம் கட்டி, வெப்பநிலை குறித்துக் குறித்து நகர்த்தினார்கள். முடிய 57 நாள். அந்த ஒற்றைக் கோட்டை அடித்தளமாக வைத்து முக்கோணம் மேல் முக்கோணமாக வடக்கே போய், ஐம்பது வருடத்தில் இமயமலைச் சிகரங்களையே அளந்துவிட்டார்கள். எவரெஸ்ட்டின் உயரத்துக்கு முதல் கல் வேளச்சேரிப் பக்கம் போட்டது என்று சென்னைக்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

டெல்டாவில் அவருக்குச் சிக்கல் வந்தது. எங்கும் தட்டை, பார்க்கிற பக்கமெல்லாம் தென்னை, குன்று ஒன்று கிடையாது. ஆகவே கோயில் கோபுரங்களின் மேல் ஏறினார்கள். 1808-ல் கோணம் அளக்கிற, அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் அதைப் பிரித்துப் போட்டு வாரக்கணக்கில் தட்டிக் கொட்டிச் சரிசெய்தார். பெரிய கோயிலுக்குப் போகும்போதெல்லாம் நான் விமானத்தை அண்ணாந்து பார்ப்பேன். பக்கத்தில் நிற்பவர்கள் கலசத்தைப் பார்க்கிறான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இன்னொன்று: நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் 1792-ஆம் வருடத்துக் கருங்கல் தூண் ஒன்று நிற்கிறது, பழைய மதராஸ் வானாய்வகத்தின் மிச்சம். அதில் தமிழிலும் தெலுங்கிலும்கூடப் பொறித்திருக்கிறார்கள்.

ஜியோகேச்சிங் என்றால்?

ஒருவர் டப்பா ஒன்றை ஒளித்துவைத்து அட்சம் தீர்க்கம் சொல்வார், மற்றவர்கள் தேடிப் போய் உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டு வைத்துவிட வேண்டும். ஜி.பி.எஸ். சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே 2-ல் நீக்கியது. மறுநாளே ஆரகன் மாநிலத்தில் டேவ் உல்மர் முதல் டப்பாவை வைத்துவிட்டார். நம் ஊரில் கேட்பாரற்ற டப்பாவைப் பொது இடத்தில் வைத்தால் நோட்டோடு தேடி வருவது வேறு ஆட்கள். எனக்கு இதில் ஆர்வம் வந்ததில்லை.

வீட்டை விட்டு நகராமல் ஏதாவது?

ஜியோகெஸ்ஸர். 2013-ல் ஆன்டன் வாலென் என்ற ஸ்வீடன்காரர் செய்த விளையாட்டு. உலகத்தில் எங்கோ ஒரு ரோட்டில் உங்களை இறக்கிவிடும், எந்த இடம் என்று படத்தில் குத்த வேண்டும். தேர்ந்தவர்கள் கரண்ட் கம்பத்தின் வடிவத்தையும் மண்ணின் நிறத்தையும் பார்த்தே நாட்டைச் சொல்வார்கள். 2022 ஜூலையில், அந்த விளையாட்டுக்குப் படம் தருகிற கூகுளின் தெருக்காட்சி (ஸ்ட்ரீட் வியூ) சென்னை உட்பட 10 நகரங்களோடு இந்தியாவில் அதிகாரபூர்வமாக வந்தபிறகு நம் ரோடுகளும் அதில் சேர்ந்துவிட்டன.

நமக்கு இதில் ஒரு வசதி உண்டு, மைல்கல். தலை மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. கறுப்போ நீலமோ என்றால் மாவட்டச் சாலை. அதில் எழுதியிருப்பது தமிழா மலையாளமா என்று பார்த்தால் ஆட்டம் முடிந்தது.

பழைய படங்கள் சேகரிக்கலாமா?

அசல் விலைக்கு வீட்டில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். நூலகங்கள் வெளியிட்ட ஸ்கேனை வைத்து அச்சடித்துக்கொள்வதே உத்தமம். கிரேக்க அறிஞர் தாலமியின் 2-ஆம் நூற்றாண்டுக் கணக்கை வைத்து வரைந்த படங்களில் இந்தியத் தீபகற்பம் நசுங்கிப் போயிருக்கும், இலங்கை யானை மாதிரி பெருத்திருக்கும். ஆனால் பாண்டியரின் தலைநகரமாக மொதூரா என்று மதுரை இருக்கிறது. வடிவம் தப்பு, ஊர் சரி. கப்பல்காரர்கள் சொன்னதைக் கேட்டு எழுதிய படத்துக்கு அது போதும்.

படத்தில் இருக்கிற இடம் தரையில் இல்லாமல் போனதுண்டா?

ஆஸ்திரேலியாவுக்கும் நியூ கலிடோனியாவுக்கும் நடுவே சாண்டி தீவு என்று ஒன்று நூறு வருடத்துக்கு மேல் படங்களில் இருந்தது. 1876-ல் ஒரு திமிங்கிலக் கப்பல் பார்த்ததாகச் சொன்னது. கூகுள் படத்திலும் இருந்தது. 2012 நவம்பரில் ஆஸ்திரேலிய ஆய்வுக் கப்பல் ஒன்று அங்கே போனது. தீவு இல்லை, 1,300 மீட்டருக்கு மேல் ஆழமான கடல்.

இதற்கு நேர் எதிர்க்கதை அமெரிக்காவின் ஆக்லோ. 1930-களில் படம் தயாரித்த ஒரு நிறுவனம், பிறர் காப்பி அடித்தால் கண்டுபிடிக்க, நியூயார்க் மாநிலத்தில் ஆளில்லாத ஒரு ரோட்டு முக்கில் இல்லாத ஊர் ஒன்றை எழுதிவைத்தது. பின்னால் போட்டி நிறுவனத்தின் படத்திலும் ஆக்லோ வந்தது. திருடன் அகப்பட்டான் என்று பார்த்தால், அந்த முக்கில் யாரோ ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு ‘ஆக்லோ ஜெனரல் ஸ்டோர்’ என்று பெயர் போட்டுக் கடையே திறந்திருந்தார். கடையும் பின்னால் மூடிவிட்டது. ஊர் மறுபடி இல்லாமல் போயிற்று.

நானே படம் வரைய முடியுமா?

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004-ல் ஸ்டீவ் கோஸ்ட் லண்டனில் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் வரையலாம், திருத்தலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் எந்தத் தெருக்கள் மூழ்கின என்று தன்னார்வலர்கள் குறித்தது இந்தப் படத்தின் மேல்தான். உங்கள் ஊர்க் குடிநீர்த் தொட்டி, ரேஷன் கடை, கண்மாயின் மடை, இவற்றைச் சேருங்கள். ஊர்ப் பெயரைத் தமிழில் எழுதுங்கள். ஆங்கில எழுத்தைப் பார்த்துத் திரும்பத் தமிழாக்கி ஊர்களைக் கொலை செய்திருப்பதை நானே உட்கார்ந்து திருத்தியிருக்கிறேன்.

போலீஸ் பிடிக்காதா?

வரைபடத் தரவு சேகரிக்க இருந்த கெடுபிடிகளை 2021 பிப்ரவரி 15 அறிவிப்பு பெருமளவு தளர்த்திவிட்டது. ஆனாலும் மூன்று விஷயத்தில் கவனம். இந்தியாவின் எல்லையை நில அளவைத் துறையின் படத்துக்கு மாறாக வரைந்து வெளியிட்டால் 1961 சட்டப்படி ஆறு மாதம் வரை உள்ளே போகலாம். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியை அனுமதி இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. வெளிநாட்டில் இருந்து வருகிற மலையேறிகள் பலர் இதில் மாட்டியிருக்கிறார்கள். மூன்றாவது காடு. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சந்திக்கிற முனை முதுமலை, பந்திப்பூர், வயநாடு காடுகளுக்கு நடுவே. புலியும் யானையும் கோடு பார்ப்பதில்லை. நான் போகவில்லை, நீங்களும் போகாதீர்கள்.

வீட்டில் ஒன்றும் சொல்வதில்லையா?

போய்விட்டு வரும்போது வெற்றிலையோ வெண்டைக்காயோ வாங்கி வந்தால் சொல்வதில்லை.

அடுத்து எங்கே?

9 வடக்கு, 78 கிழக்கு. எட்டயபுரத்துக்குத் தெற்கே பதினாறு, பதினேழு கிலோமீட்டர். 58 ஜி/16, எச்/13, கே/4, எல்/1, நாலையும் ஒட்டியாயிற்று. ஐப்பசியில் ஒருதரம் பஸ் ஏறிப் போனேன். ரோட்டை விட்டு இறங்கிய பத்தாவது எட்டில் கரிசல் மண் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மழை நின்று, உளுந்தும் பாசியும் எடுத்து, மண் வெடிக்கத் தொடங்குகிற மாசியில் போக வேண்டும். வரப்பில் யார் நிற்பார்களோ அவர்களிடம் முதலில் கேட்டுவிட்டு.